ஒரே உலை

வீட்டில் ஒருவர்க்கு நீரிழிவு நோய் உண்டெனத் தெரிந்த அன்றே அவ்வீட்டு அடுக்களையில் உலை இரண்டாகிவிடுகின்றது. ஒன்றில் நெய்யும் தேங்காயும் மணக்கும் உணவு, அது மற்றையோர்க்கு. மற்றொன்றில் உப்பும் உறைப்பும் அற்ற கஞ்சி, அது நோயாளிக்கு. குடும்பத்தார் ஒருங்கே அமர்ந்து உண்ணும்போது அவர் மட்டும் முன்னரே உண்டு முடித்துத் திண்ணைக்குச் சென்றுவிடுவார். சில நாள் பொறுப்பார். பின்னர் ஒருநாள், யாரும் காணாதபோது பலகாரச் சம்புடத்தைத் திறப்பார். அவர்மேல் குற்றம் சாற்றுதல் எளிது. ஆயின், குற்றம் உலையை இரண்டாக்கியதிலன்றோ தொடங்குகின்றது?

இஃது ஏதோ ஒரு வீட்டின் செய்தியன்று. நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையவர் என 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது. நோயுற்றார்க்கு ஆகாத மிகை நெய்யும் மிகை உப்பும் மிகை இனிப்பும் நோயற்றார்க்கும் நாளடைவில் ஆகா. திருக்குறளில் ‘மருந்து’ என்னும் 95-ஆம் அதிகாரம் எந்த மூலிகையின் பெயரையும் கூறாது, உண்ணும் அளவையும் காலத்தையுமே பெரிதும் பேசுவது காண்க. ஆதலின், நோயாளிக்கெனத் தனியே சமைப்பதைவிட, எல்லோரும் விரும்பும் உணவையே சற்று மாற்றி எல்லோரும் உண்பதே தக்கது.

பாட்டியார் கைப்பக்குவத்தை மாற்றுதல் மரபைக் கெடுப்பதாகும் என்பாரும் உளர். அவர்கள் தம் குழம்பில் இடும் மிளகாயை எண்ணிப் பார்க்கட்டும். அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய அது, போர்ச்சுகீசியர் வந்த பின்னரே இந்நாட்டிற்கு வந்தது. அதற்குமுன் உறைப்புத் தந்தது மிளகே; புதிய காய்க்கும் அம்மிளகின் பெயரையே நம் முன்னோர் ஒட்டி வைத்தனர். மாறாத அடுக்களை எக்காலத்தும் இருந்ததில்லை.

எனினும், மாற்றுதல் என்பது கண்டதையெல்லாம் குறைத்தல் அன்று. வெண்பாவில் ஒரு சொல்லை மாற்றுவோன் தளை தட்டாமல் மாற்றுதல் வேண்டும். அவ்வாறே, ஒரு பொருள் அவ்வுணவில் ஆற்றும் தொழில் யாதென அறிந்த பின்னரே அதன்மேல் கை வைத்தல் வேண்டும்.

வெண்பொங்கலில் நெய் இரண்டு தொழில் செய்கின்றது. ஒன்று, பொங்கலைக் குழைவாக்குதல். மற்றொன்று, மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை ஆகியவற்றின் மணத்தைத் தன்னுள் வாங்கி நாவிற்குக் கொணர்தல். முதல் தொழிலைப் பருப்பும் நீரும் செய்ய வல்லன. ஓர் ஆழாக்கு அரிசிக்குக் கால் ஆழாக்குப் பாசிப்பருப்பு என இடுவதை விடுத்து, இரண்டையும் அரை ஆழாக்காகக் கொண்டு, ஐந்து ஆழாக்கு நீர் விட்டு வேகவைத்தால் பொங்கல் தானே குழையும். அரிசி குறைந்து புரதம் மிகும். இரண்டாம் தொழிலுக்கு நெய் வேண்டும்; அதனை அறவே நீக்குவோர் மணத்தையும் உடன் நீக்குகின்றனர். ஆனால் சிறிதளவு போதும். தாளித்த நெய்யை உலையில் கலந்து மறைத்துவிடாமல், இறக்கிய பின் மேலே ஊற்றினால் முதற்கவளத்திலேயே மணம் எழும். ஒரு கிராம் மாச்சத்து 4 கலோரி தர, ஒரு கிராம் நெய் ஏறக்குறைய 9 கலோரி தருகின்றது என்பதை நினைத்தால் இச்சிக்கனத்தின் அருமை விளங்கும். அரிசிக்கு ஈடாகச் சாமையோ வரகோ இடலாம். 2023-ஆம் ஆண்டு அனைத்துலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டது முதல் இவற்றின் பெயர் எங்கும் ஒலிக்கின்றது. ஆயினும் வெள்ளைவெளேரெனத் தீட்டிய சாமையில் தவிட்டோடு நார்ச்சத்தும் போய்விடுகின்றது. பெயரை மட்டும் வாங்கி வருவதால் பயனில்லை.

உளுந்து வடையின் மாவையே பணியாரக் குழியில் வார்த்துச் சில துளி எண்ணெயில் சுட்டெடுக்கலாம். மேலோடு சற்று மெத்தென்றிருக்கும். வடையேதான் வேண்டுமெனில் மாவை நீர் குறைத்து ஆட்டுக. நீர்த்த மாவும் காயாத எண்ணெயும் கூடினால் வடை எண்ணெயைக் குடிக்கும். வேகும்போது மாவிலிருந்து வெளிவரும் ஆவி எண்ணெயை உட்புகாமல் தள்ளுகின்றது. எடுத்து ஆறும்போதுதான் மேலே ஒட்டிய எண்ணெய் உள்ளே செல்கின்றது. ஆதலின் சூடாக இருக்கும்போதே வடித்தல் நன்று.

இனிப்பைப் பற்றி மக்களிடம் ஒரு மயக்கம் உண்டு. சர்க்கரையை விலக்கி வெல்லமோ கருப்பட்டியோ இட்டால் நீரிழிவுக்குத் தீங்கில்லை என்பர். இவற்றில் சிறிது தாதுச்சத்து உண்டு. ஆயினும் பெரும்பகுதி சர்க்கரையே. பாயசத்தில் பெயரை மாற்றாது அளவைக் குறைத்து, ஏலமும் சுக்கும் சற்று மிகுதியாக இடுதலே நேரிய வழி. அதையும் ஒரே நாளில் செய்தல் ஆகாது. சில வாரங்களில் சிறிது சிறிதாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும், உப்பும் அப்படியே. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதுமென உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகின்றது.

ஆனால் ஆவக்காய் ஊறுகாயில் உப்பைக் குறைத்தால் பூசணம் பூக்கும். அங்கே உப்பு சுவைக்காக மட்டும் இல்லை, காவலுக்காகவும் நிற்கின்றது. அதிரசத்தில் வெல்லப் பாகு குறைந்தால் மாவு எண்ணெயில் பிரிந்துபோகும். இத்தகையவற்றை மாற்ற முயல்வது வீண்; மாற்றியது எப்பெயரும் பெறாமல் குப்பைக்கே போகும். ஊறுகாயை இலையில் நுனிவிரல் அளவே வைக்கலாம். தீபாவளி அதிரசத்தைப் பாட்டியார் செய்தவாறே செய்து, எலுமிச்சங்காயளவு உருட்டும் மாவை நெல்லிக்காயளவு உருட்டித் தட்டலாம். அன்று திண்ணையில் தனியே அமர்ந்தவரும் உள்ளே வந்து எல்லோரோடும் அமர்வார். மருத்துவர் இசைந்த அளவறிந்து அவர் இலையிலும் ஒன்று வைக்கப்படும்.