போலின்னு பேர் வாங்கின பெரும்பான்மை

நண்பர் ஒருத்தர்கிட்ட டோபாலஜி பத்தி ஆர்வமா அளந்துக்கிட்டு இருந்தேன். பாதியிலயே மறிச்சு, "இந்த மாதிரி கோணல் வடிவமெல்லாம் விதிவிலக்குய்யா, விடு"ன்னுட்டார். அவரைச் சொல்லிக் குத்தமில்லை. கணிதப் புத்தகங்களே இதுங்களைப் 'பத்தாலஜிக்கல்'னு, ஏதோ நோய் பிடிச்ச மாதிரிதான் சொல்லுது. எனக்கு இதுல உடன்பாடே கிடையாது. ஏன்னு சொல்றேன்.

ஒரு தாள்ல கோடு போடுங்க. நடுவுல பிரிச்சா ரெண்டு சின்னக் கோடு. வட்டம், முக்கோணம் எதை வரைஞ்சாலும் இப்படி ரெண்டு சின்னத் துண்டாப் பிரிக்கலாம். தாளுக்குள்ள அடங்கி, தன் ஓரத்தையும் சேர்த்து வச்சுக்கிட்டு, ஒரே துண்டா இருக்கிற வடிவத்துக்குக் கண்டினுவம்னு பேர். எல்லாக் கண்டினுவத்தையும் இப்படிப் பிரிக்கலாம்னுதானே தோணுது?

ஷோன்ஃப்ளீஸும் கிட்டத்தட்ட இப்படித்தான் வழுக்கினார். ரெண்டு பகுதிகளுக்குப் பொதுவான எல்லையை எப்பவும் ரெண்டு கண்டினுவமாப் பிரிச்சிடலாம்னு எழுதினார். 1910-ல பிரவுவர் பிரிக்கவே முடியாத ஒரு எல்லையை உருவாக்கிக் காட்டிட்டார். ரெண்டு துண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறலாம்னு சலுகை கொடுத்தாலும் பிரியாது!

1922-ல நாஸ்டர் இன்னும் ஒரு படி மேல போனார். அவர் கண்டுபிடிச்ச வடிவத்துக்குள்ள எந்தக் குட்டிக் கண்டினுவத்தை எடுத்தாலும் (ஒற்றைப் புள்ளி நீங்கலா) அதையும் பிரிக்க முடியாது.

எப்படி சாத்தியம்? ஒரு கிறுக்குப் பிடிச்ச டவுன் பஸ்ஸை நினைச்சுக்குங்க. கடைசி ஸ்டாப்புக்குப் போகணும்னா, அதுக்கு முந்தின ஸ்டாப் வரைக்கும் போயிட்டு, திரும்ப ரெண்டாவது ஸ்டாப்புக்கு வந்து, அப்புறம்தான் கடைசிக்குப் போகும். நடுவுல எந்த ரெண்டு ஸ்டாப்பை எடுத்தாலும் இதே கூத்து. அடுத்து, இந்தக் கோணல் பாதைக்குள்ளயே இன்னும் பொடிப் பொடி ஸ்டாப்பா வச்சு மறுபடி இதே கூத்து. இப்படி முடிவில்லாம போனா கடைசியில மிஞ்சுறதுதான் அந்த வடிவம்.

1948-ல மோய்ஸ் இதுக்கு 'சூடோ-ஆர்க்'னு பேர் வச்சார். போலி வில். கோட்டுத்துண்டு மாதிரியே, இதுவும் தன்னோட ஒவ்வொரு குட்டிக் கண்டினுவத்துக்கும் டோபாலஜிப்படி சமம்ங்கிறதால அந்தப் பேர்.

இப்பதான் மேட்டர். 1951-ல பிங் என்ன நிரூபிச்சார் தெரியுமா? தளத்துல இருக்கிற எல்லாக் கண்டினுவங்களையும் ஒண்ணாத் திரட்டிப் பார்த்தா, கிட்டத்தட்ட அத்தனையும் சூடோ-ஆர்க்தான்! (இது தலையை எண்ற கணக்கு இல்லை, பேயர்ங்கிறவர் பேர்ல இருக்கிற ஒரு அளவுகோல். அந்தக் கணக்குல மத்ததெல்லாம் சொற்பம்.)

அதாவது, நம்ம கோடும் வட்டமும்தான் விதிவிலக்கு. பெரும்பான்மைக்குப் போலின்னு பேர் வச்சிருக்கோம்.

ஆரம்பத்துல கோடு, வட்டம் சொல்லிக்கொடுக்கிறதை நான் தப்பு சொல்லலை. வேற வழியில்ல. ஆனா கையால வரைய முடிஞ்சதை இயல்பு, முடியாததை நோய்னு சொல்லிக்கொடுக்கிறது தப்பு. நம்ம கைக்கு எட்டலைங்கிறது நம்ம குறை, அந்த வடிவத்தோட குறை இல்லை. 'பத்தாலஜிக்கல்'ங்கிற வார்த்தையைப் பாடத்துல இருந்து தூக்கினாலே பாதிப் புண்ணியம்.

மாற்றுக் கருத்து இருந்தா பின்னூட்டத்துல திட்டுங்க.

டிஸ்கி: சூடோ-ஆர்க் படம் எங்கேன்னு கேக்காதீங்க. வரைய முடிஞ்சிருந்தா இந்தப் பதிவே எதுக்கு? :-)