தூத்துக்குடிக் கப்பலும் திண்டுக்கல் சீமையும்

செம்பட்டியினின்று சாலைவழியே சிறிது தூரம் சென்றால் வத்தலக்குண்டு. 1884-ம் வருஷத்தில் ஸ்ரீ சுப்பிரமணிய சிவா ஜனித்த ஊர் அது. கடலையே காணாத இச்சீமையில் பிறந்தவர் 1908-ல் தூத்துக்குடிக்கு ஏன் சென்றார் என்று கேட்பாருளர். சரக்கு சென்ற வழியே மனிதரும் சென்றார் என்க. திண்டுக்கல் புகையிலை சுருட்டாகி இங்கிலாந்து சேர்ந்தது. 1876-ல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தபின் தென்பாண்டிப் பருத்தியும் அத்துறைமுகம் வழியே சீமைக்கு ஏறிற்று. விளைவு நம்முடையது; கப்பலும் கூலியும் அந்நியருடையவை.

இதை உணர்ந்தே ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை நிறுவினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். காலியா, லாவோ என்னும் கப்பல்கள் கொழும்புக்கு ஓடின. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்தனர். பின்னர் இலவசமாகவே ஏற்றிக்கொள்வதாகக் கூறினர். குடையும் கொடுத்தனர் என்பர். அதற்கு மயங்கி ஏறிய நம்மவரையும் குறை கூறாதிருக்க இயலவில்லை. 1908 மார்ச்சில் பிள்ளையும் சிவாவும் சிறைப்பட்டனர். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது.

நிற்க. 2011-ல் தூத்துக்குடித் துறைமுகத்திற்குப் பிள்ளையவர்களின் பெயர் சூட்டப்பட்டது, மகிழ்ச்சியே. அதே வருஷம் ஜூனில் தொடங்கிய கொழும்புப் பிரயாணிக் கப்பல் நவம்பரிலேயே நின்றுபோயிற்று. நமது அயல்நாட்டு வர்த்தகத்தில் இந்தியக் கப்பல்களின் பங்கு 1987-88-ல் 40.7 சதவிகிதம்; 2018-19-ல் 7.8 சதவிகிதம் மட்டுமே. இது மத்திய சர்க்காரே வெளியிட்ட கணக்கு. சுயராஜ்யம் வந்தபின் நேர்ந்த வீழ்ச்சியாதலால் எவரையும் வெள்ளைக்காரர் என்று பழித்துத் தப்ப வழியில்லை.

2021-ல் உலகெங்கும் கப்பற்கூலி பன்மடங்கு உயர்ந்தது. கூலி உயர்ந்தால் ஏற்றுமதி வியாபாரி எவரிடம் விலையைக் குறைத்துக் கேட்பான்? கீழ்ப் பழனிமலைக் காபித் தோட்டக்காரரிடமும் சமவெளிக் குடியானவனிடமுமே. அவ்வருஷம் இந்தியக் கப்பல்களுக்கென 1,624 கோடி ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. ஆயின் அது சர்க்கார் இறக்குமதிச் சரக்குகளைப் பற்றியது. குடியானவன் சரக்குக்கு அதனால் யாது பயன்?

தூத்துக்குடிச் சரக்குப் பெட்டிகளில் பல கொழும்பில்தான் பெருங்கப்பல்களுக்கு மாறுகின்றன. பிள்ளை தேர்ந்த அதே கடற்பாதை அது. அக்குறுகிய பாதையில் ஓடும் இந்தியக் கொடிக் கப்பல்களுக்கு மானியத்தை முதலில் நீட்டுக. பெருமுதலாளிகளை மட்டும் நாடாமல், செம்பட்டிக் குடியானவனும் வாங்கத்தக்க சிறு பங்குகளை வெளியிடும் கம்பெனிகளுக்கு அதில் முதலிடம் அளிக்கும்படி சர்க்காரை வற்புறுத்துகிறோம்.