பகலில் மூடிய கண்

எங்கள் லைன் வீடுகளில் பகல் தூக்கத்துக்கு ஒரு தனி மரியாதை உண்டு. ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே பிரியும் தெருக்களில் பத்துக்குப் பத்து அறைகள் வரிசையாக நிற்கும். அவற்றில் எந்த நேரமும் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். சி ஷிஃப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் காலை ஏழரைக்குப் படுப்பார். அவர் வாசலில் ஷூ கிடந்தால் போதும், பிள்ளைகள் குரலைத் தணித்துக்கொள்வார்கள். குக்கர் இரண்டாவது விசில் அடிப்பதற்குள் யாராவது ஓடிப்போய் அடுப்பை அணைப்பார்கள். பகலில் கண்மூடிக் கிடப்பவரை எழுப்பக் கூடாது என்பதை இங்கே பிறந்த குழந்தைகள் அ, ஆ எழுதுவதற்கு முன்பே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

அந்தப் பழக்கம்தான் ஒரு பச்சோந்தியின் கண் நோயை ஒன்பது நாள் எங்களிடமிருந்து மறைத்தது. இப்படிச் சொல்லும்போதே பழக்கத்தின்மேல் பழியைப் போடுகிறேன் என்று தெரிகிறது. மறைத்துக்கொண்டது நாங்கள்.

அது எங்களிடம் வந்தது ஒரு மே மாதத்தில். ஏரிக்கரையை ஒட்டிய புதரை ஜேசிபி வழித்துக்கொண்டிருந்தது. நொச்சியும் காரைச்செடியும் வேலிகாத்தானும் பின்னிக் கிடந்த இடம். பிளாட் போடுவதற்காகச் சமன் செய்தார்கள். ஏ ஷிஃப்ட் முடிந்து அந்த வழியாக வந்த எங்களில் ஒருவர், சரிந்து கிடந்த கிளையில் அதைப் பார்த்துத் தன் மஞ்சள் ஹெல்மெட்டுக்குள் வைத்து எடுத்து வந்தார். வீட்டுக்கு வந்து கையை உள்ளே விட்டால் பச்சோந்தி வரவில்லை. இரண்டும் மூன்றுமாகப் பிரிந்த விரல்களால் ஹெல்மெட் வாரை இடுக்கிபோலப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பிடி அன்றைக்கு எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. பிள்ளைகள் சுற்றி நின்று கைதட்டினார்கள்.

யாரோ பழைய கிளிக்கூண்டு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதை என் வீட்டு வாசல் ஆணியில் மாட்டினோம். நானும்தான் மாட்டினேன்.

பச்சோந்தியை வீட்டில் வைக்கக் கூடாது என்பது எங்களில் பாதிப் பேருக்காவது தெரியும். இந்தியாவில் இயற்கையாக வாழ்வது ஒரே ஓர் இனப் பச்சோந்திதான். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். ஆனால் சட்டத்தை நினைவுபடுத்தினால் கூண்டைக் கழற்ற வேண்டும். கழற்றினால் பிள்ளைகள் அழுவார்கள். ஒரு வாரம் இருக்கட்டும், பிறகு விட்டுவிடலாம் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு வைத்துக்கொண்டோம். அந்த ஒரு வாரம் ஐந்து வாரமானது.

அந்த ஐந்து வாரத்தில் நாங்கள் செய்ததையெல்லாம் எழுதியே ஆக வேண்டும். நிறம் மாறுவதைப் பார்க்க அதைச் சிவப்புத் துண்டின்மேல் வைத்தோம். நீல வாளியின் விளிம்பில் உட்கார வைத்தோம். அது சிவப்பாகவும் ஆகவில்லை, நீலமாகவும் ஆகவில்லை, கருத்துப்போனது. பச்சோந்தி துணியைப் பார்த்து நிறம் மாற்றுவதில்லை. குளிர், வெயில், பயம், கோபம், உடல்நலம், இவைதான் அதன் தோலில் தெரிகின்றன. அந்தக் கருப்பு அதன் பயம். நாங்கள் அதைச் சரியாக வேலை செய்யாத வித்தை என்று நினைத்து, அடுத்த துண்டை எடுக்கப் போனோம்.

தண்ணீர் வைத்தோம், பாட்டில் மூடியில். ஒரு நாளும் அது குடிக்கவில்லை. குடிக்காததைப் பார்த்தும், அதற்குத் தாகம் எடுக்காது போல என்று சொல்லிக்கொண்டோம். தேங்கி நிற்கும் தண்ணீர் பச்சோந்திக்குத் தண்ணீராகவே தெரிவதில்லை. இலையில் உருளும் பனித்துளியையும் மழைத்துளியையும்தான் நக்கிக் குடிக்கும். எங்கள் கிளிக்கூண்டில் இலை ஏது? கத்திரி வெயிலில், தண்ணீர் மூடிக்குப் பக்கத்திலேயே அது காய்ந்துகொண்டிருந்தது. தினமும் தண்ணீரை மாற்றி ஊற்றியதால் நாங்கள் பொறுப்பாக இருக்கிறோம் என்ற நிறைவு மட்டும் எங்களுக்கு இருந்தது.

சாப்பாட்டுக்கு முதல் வாரம் பிள்ளைகள் வெட்டுக்கிளி பிடித்து வந்தார்கள். பிறகு பள்ளிக்கூடம் திறந்தது. அதற்குப்பின் ஈயும், கழிவறைப் பக்கத்துக் கரப்பானும்தான். அதுவும் யாருக்கு நினைவு வருகிறதோ அன்றைக்கு.

ஒரு நாள் இடது கண் மூடியிருந்தது.

பச்சோந்தியின் கண்ணைப் பக்கத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது நம் கண்போல இமை திறந்து மூடுவதில்லை. மேலிமையும் கீழிமையும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு கூம்பாகியிருக்கும். கூம்பின் நுனியில் கடுகளவு துளை. அதன் வழியாகத்தான் பார்வை. கூம்பு இரண்டும் தனித்தனியாகச் சுழலும். ஒன்று மேலே காகத்தைப் பார்க்கும்போது மற்றது கீழே எறும்பைத் தேடும். இரையைக் குறிவைக்கும்போது மட்டும் இரண்டும் முன்னால் திரும்பி ஒரே இடத்தில் நிற்கும். காதுத் துளை கிடையாது; மோப்பமும் பெரிதாக இல்லை. அதன் பிழைப்பு முழுக்க அந்த இரண்டு துளைகளில் இருக்கிறது. இரவில் கண்ணை மூடி, உடல் வெளிறித் தூங்கும். விடிந்தால் திறந்துவிடும். பகலில் மூடிய கண் என்றால், அது தூக்கம் கிடையாது. உடம்பு முடியவில்லை என்று பொருள்.

இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்குக் கூண்டருகே நின்ற சிறுமி, "மாமா, அது ஏன் கண்ணு மூடியிருக்கு?" என்று கேட்டாள்.

"தூங்குது பாப்பா, எழுப்பாத" என்றேன்.

"அதுக்கும் நைட் ஷிஃப்ட்டா?"

ஆமாம் என்று தலையசைத்தேன். அவள் அப்பா அப்போது உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அவள் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் நடந்துபோனாள். அந்தப் பிள்ளை கேட்டது சரியான கேள்வி. கேள்வியை மூடியது நான். தூக்கம் என்று பெயர் வைத்தால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. நோய் என்று சொன்னால் யாராவது ஒருவர் ஒரு நாள் லீவு போட வேண்டும். மாதம் முழுக்க லீவு இல்லாமல் போனால்தான் அட்டெண்டன்ஸ் போனஸ். எட்டு குடும்பத்தில் அதை விடத் தயாராக ஒருவரும் இல்லை, நான் உட்பட.

நான்காவது நாள் கூம்பு வீங்கியது. அப்போதும் கையில் இருந்ததைத்தான் செய்தோம். யாருக்கோ மெட்ராஸ் ஐ வந்தபோது வாங்கிய சொட்டு மருந்து பாதி பாட்டில் இருந்தது, அதை ஊற்றினோம். கண்ணில் புண் இருக்கும்போது ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து விட்டால் புண் இன்னும் ஆழமாகும். மனிதக் கண்ணுக்கும் அப்படித்தான். மேல் உறையை ஒருவரும் படிக்கவில்லை. கடைசி அறை ஆயா மட்டும் தினமும் காலையில் ஒரு நந்தியாவட்டைப் பூவைப் பறித்துத் தண்ணீரில் நனைத்து அதன் கண்மேல் ஒற்றி எடுத்தார். அது நோயைத் தீர்த்திருக்காது. ஆனால் எங்கள் வரிசையில் அந்த உயிரின் அருகே தினமும் ஐந்து நிமிடம் உட்கார்ந்தவர் அவர் ஒருவர்தான். "ரெண்டாவது கண்ணும் குழி விழுந்துடுச்சிப்பா, பாருங்க" என்று ஒன்பதாவது நாள் வந்து சொன்னவரும் அவர்தான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. லீவு போட வேண்டியதில்லை என்பதால் மூன்று பேர் கிளம்பினோம். இதை எழுதும்போது கை கூசுகிறது.

சென்னையில் ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த ஒரு கால்நடை மருத்துவரைக் கண்டுபிடித்தோம். அவர் எங்களைத் திட்டவில்லை. வெதுவெதுப்பான உப்புக் கரைசலை மெல்லிய சாரலாக வீங்கிய இடது கண்மேல் விட்டுக்கொண்டே இருந்தார். பத்து நிமிடம் கழித்து நுனித்துளை கொஞ்சம் இளகியது. உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. நம் உடம்பில் சீழ் வடியும். ஊர்வனவற்றில் அது பனீர்க்கட்டிபோல இறுகிவிடும், தானாக வெளியேறாது என்று விளக்கினார். பஞ்சு முனையால் தள்ளித் தள்ளி எடுத்தார். அரிசி அளவுக்கு ஒரு கட்டி. மேசைமேல் காகிதத்தில் அதை வைத்தபோது நாங்கள் மூன்று பேரும் தரையைப் பார்த்தோம்.

குழி விழுந்த வலது கண்ணுக்குக் காரணம் உடலில் நீர் வற்றியதுதான் என்றார். தோலுக்கடியில் ஊசியால் நீர் ஏற்றினார். ஒரே மாதிரி பூச்சியைக் கொடுத்தால் வைட்டமின் ஏ குறையும். குறைந்தால் கண்ணின் உட்புறத் தோலும் சுரப்பிகளும் தடித்து அடைத்துக்கொள்ளும். பிறகு கிருமி வரும். அதற்காக நாமாக வைட்டமின் சொட்டு விட்டால் அளவு மீறி நஞ்சாகிவிடும் என்றும் எச்சரித்தார். காட்டில் இருந்தால் பாதி நோவை மழையே பார்த்துக்கொள்ளும். சாரலில் நனையும்போது பச்சோந்தி கண்ணை உப்பவைத்து உருட்டி, உள்ளே விழுந்த தூசியைத் தானே கழுவிக்கொள்ளும் என்றார். கேட்டபோது எனக்குக் கிளிக்கூண்டுக்கு மேலே இருந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரைதான் நினைவுக்கு வந்தது. அந்த ஐந்து வாரத்தில் இரண்டு நாள் கோடை மழை பெய்திருந்தது. நனையக் கூடாதென்று கூண்டை உள்ளே எடுத்து வைத்தோம்.

வனத்துறைக்கு அவர்தான் தகவல் சொன்னார். வந்தவர்களிடம் ஒப்படைத்தோம். எழுதிக் கொடுக்கச் சொன்னதை எழுதிக் கொடுத்தோம். பத்து நாள் கழித்து மருத்துவருக்கு ஃபோன் செய்தேன். வலது கண் தேறிவிட்டது, இடது கண் பார்வை திரும்பாது, ஆனாலும் நேற்று ஒரு வெட்டுக்கிளியை நாக்கால் பிடித்தது என்றார். ஒற்றைக் கண்ணால் எப்படித் தூரம் தெரியும் என்று கேட்டேன். பச்சோந்தி இரண்டு கண்ணையும் ஒப்பிட்டுத் தூரத்தைக் கணிப்பதில்லை, ஒவ்வொரு கண்ணும் கேமரா மாதிரி ஃபோகஸ் செய்தே தூரத்தை அளக்கிறது என்றார். அதன் கண் முன்னால் லென்ஸ் மாட்டிப் பார்த்தபோது நாக்கு குறிதவறியதை வைத்து இதை நிறுவிய ஆய்வு 1977-இலேயே நேச்சர் இதழில் வந்திருக்கிறது. அன்றிரவு எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது.

ஏரியைத் தூர்த்தவர்கள், காட்டை வாங்கியவர்கள், கம்பெனிகள் என்று குற்றம் சாட்ட ஆள் தேடினால் கிடைப்பார்கள். 1990-களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை வந்தது, 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் ஆலை வந்தது, 2010-இல் ஒரகடத்திலும் கார் ஓடத் தொடங்கியது. அந்த வேலைகளை நம்பித்தான் நாங்கள் திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்தோம். அந்தச் சம்பளத்தில்தான் என் தங்கைக்குக் கல்யாணம் நடந்தது. ஜேசிபி வழித்த அந்தப் புதரில் அரை கிரவுண்டுக்கு முன்பணம் கட்டியவர்களில் இருவர் எங்கள் வரிசைக்காரர்கள். புதர் போனால் பச்சோந்தி எங்கே போகும் என்று கேட்கும் இடத்தில் நாங்கள் இருந்தோம், கேட்கவில்லை.

ஊரில் இருந்தபோதும் நாங்கள் நல்லவர்களாக இல்லை. ஈர்க்குச்சியில் சுருக்குப் போட்டு ஓணான் பிடித்து, அதன் வாயில் மூக்குப்பொடி திணித்து, அது தள்ளாடுவதைப் பார்த்துச் சிரித்த கைகள்தான் இவை. கட்சி மாறுகிறவரைத் திட்ட பச்சோந்தி என்ற சொல்லை எத்தனை முறை எடுத்திருப்போம்! அதன் பெயரை அவ்வளவு புழங்கிய எங்களுக்கு, அது எப்படித் தண்ணீர் குடிக்கும் என்று தெரியவில்லை.

இப்போது எங்கள் பையன்களில் சிலர் ஏமன் பச்சோந்தி, மடகாஸ்கர் பச்சோந்தி என்று ஃபோனில் படம் காட்டுகிறார்கள். பாங்காக்கிலிருந்து வரும் பைகளில் பல்லியும் பாம்பும் சென்னை விமான நிலையத்தில் பிடிபடும் செய்திகளை அவர்களும் படித்திருக்கிறார்கள், இருந்தாலும் ஆசை. அவர்களிடம் நான் சட்டத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அந்த அரிசி அளவுக் கட்டியைப் பற்றிச் சொல்கிறேன். வெளிநாட்டுப் பச்சோந்திக்குக் கண்ணாடிப் பெட்டியில் பொருத்தமில்லாத புற ஊதா விளக்கைப் பக்கத்தில் மாட்டினால் விளக்கே கண்ணைப் புண்ணாக்கும் என்று சொல்கிறேன். ஒருவன் கேட்டுவிட்டு, "அப்ப வேணாம்ணா" என்றான். ஒருவன் பதில் சொல்லவில்லை.

லைன் வீட்டுக்குப் பின்னால் முப்பதடி நொச்சி வேலி மிச்சம் இருக்கிறது. வீட்டுக்காரர் காம்பவுண்டு எழுப்பக் கல் இறக்கியபோது, எட்டு குடும்பமும் போய்க் கேட்டோம். பின்பக்கத்தை மட்டும் வேலியாகவே விட்டிருக்கிறார். வெயில் காலத்தில் சாயங்காலம் யார் கையில் குடம் இருக்கிறதோ அவர் இலைமேல் தண்ணீர் தெளிக்கிறார். சாலையில் பச்சோந்தி நடந்துபோனால் வண்டியை நிறுத்தி, ஒரு குச்சியை நீட்டி, அது ஏறிக்கொண்டதும் அது போகிற பக்கத்திலேயே இறக்கிவிடுகிறோம். ஹெல்மெட்டை யாரும் கழற்றுவதில்லை.

சென்ற ஆடியில் அந்த வேலிக்கு ஒன்று வந்திருக்கிறது. சிறுமியின் அப்பா சி ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அறைக்குப் போகாமல் நேரே பின்பக்கம் போகிறார். ஷூவைக்கூடக் கழற்றாமல், நொச்சிக்கிளைகளுக்கு நடுவே குனிந்து தேடுகிறார். அவள் உள்ளிருந்து, "தொறந்திருக்காப்பா?" என்று கேட்கிறாள். "ரெண்டும் தொறந்திருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் படுக்கப் போகிறார்.