இருவர் கூடி ஆடும் போட்டி

மும்பை மாநகரில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்கள் இந்நகரத்தின் பழக்கங்கள் பலவற்றை அன்புடன் ஏற்றுக்கொண்டுவிட்டன. நவராத்திரி வந்தால் வீட்டில் கொலு வைக்கிறோம்; மாலையானதும் நம் பிள்ளைகள் தாண்டியாக் கோல்களை எடுத்துக்கொண்டு அண்டை வீட்டுக் குஜராத்தி நண்பர்களுடன் ஆடப் புறப்படுகிறார்கள். அதைக் குறித்து எவரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் ஆணும் பெண்ணும் கைகோத்து ஆடும் வால்ட்ஸ், ஜைவ் முதலிய மேனாட்டு நடனங்களைப் பற்றி யாரேனும் வாய்திறந்தால் மட்டும் கூடத்தில் பேச்சு சட்டென்று நின்றுவிடுகிறது.

டோம்பிவிலியில் வாழும் சங்கத்து அன்பர் ஒருவர் இதைப் பற்றி நமக்கு ஒரு மடல் வரைந்துள்ளார். அவருடைய மகனும் மருமகளும் ஓராண்டு காலமாகப் பாந்திராவில் இந்நடனங்களைப் பயின்று வருகிறார்களாம். இப்போது புதியவர்களுக்கான போட்டியொன்றில் கலந்துகொள்ளப் பெயர் கொடுத்திருக்கிறார்களாம். அன்பரின் துணைவியார் இதை அறவே விரும்பவில்லை. “இது நமக்குத் தகுமா? தகுமெனில், அவர்கள் எதை எதிர்பார்த்துச் செல்ல வேண்டும்?” என்று இரு வினாக்களை அவர் எழுப்பியிருக்கிறார். நாம் ஆடத் தெரிந்தவரல்லோம். பார்வையாளர் நாற்காலியில் அமர்ந்து கண்டவற்றையும், ஆடுவோரிடம் கேட்டறிந்தவற்றையும், நூல்களில் படித்தவற்றையும் கொண்டே இங்கு விடையிறுக்கிறோம்.

முதல் வினாவை முதலில் எடுத்துக்கொள்வோம். வால்ட்ஸ் நடனத்தைக் கண்டு திகைத்தவர்கள் நாம் மட்டுமல்லர். ஆஸ்திரியா, தென் ஜெர்மனி ஆகிய நாட்டுப்புறங்களில் தோன்றிய இந்நடனம், 1816ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இலண்டன் மாநகரில் இளவரசர் அளித்த விருந்தில் ஆடப்பெற்றது. உடனே ‘டைம்ஸ்’ ஏடு அதனைக் கடுமையாகக் கண்டித்துத் தலையங்கம் தீட்டியது. ஆணும் பெண்ணும் அத்துணை நெருங்கி நின்று ஆடுவது குடும்பப் பெண்களுக்கு அடுக்குமோ என்பதே அவ்வேட்டின் கவலை. ஆனால் அதே இங்கிலாந்தில்தான், 1920ஆம் ஆண்டில், பிளாக்பூல் என்னும் கடற்கரை ஊரில் தொடங்கிய நடனத் திருவிழா உலகப் புகழ் பெற்ற போட்டியாக வளர்ந்தது. 1997ஆம் ஆண்டில் இந்நடனப் போட்டிகளின் அனைத்துலக அமைப்புக்கு ஒலிம்பிக் குழுவின் அங்கீகாரமும் கிடைத்தது. முதலில் அதிர்ந்தவர்களே பின்னர் அமர்ந்து கைதட்டினார்கள் என்பது இதனால் விளங்கும்.

கைகோத்து ஆடுவது தமிழருக்கும் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் கைகோத்துக் குரவையாடுவதை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அது பெண்கள் கூடி ஆடிய ஆட்டம். வால்ட்ஸ் வேறு வகை. இரண்டும் ஒன்றென்று சாதிக்க நாம் முற்படவில்லை. கையைப் பற்றிக்கொண்டு ஒரே தாளத்தில் அடிவைப்பதையே இழுக்கெனக் கருதும் மரபு நம்முடையதன்று என்று மட்டும் கூறுகிறோம்.

இரயில்வேயில் பணிபுரியும் நமக்கு இன்னோர் உறவும் உண்டு. ஜமால்பூர், கரக்பூர், பெரம்பூர் முதலிய இரயில்வேக் குடியிருப்புகளில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைந்திருந்த காலத்தில், இன்ஸ்டிடியூட் கட்டடங்களில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களில் இந்நடனங்கள் நடைபெற்றன. நாள் முழுதும் எஞ்சினில் கரி தள்ளியவரும், வண்டியைக் காத்தவரும், மாலையில் கோட்டு அணிந்து மனைவியின் கைப்பற்றி ஆடினார்கள். இன்றும் மும்பையில் கோவாக் கிறிஸ்தவர்களின் திருமண விருந்துக்குச் சென்றவர்கள், மணமக்கள் முதலில் வால்ட்ஸ் ஆடுவதையும், பின்னர்ப் பாட்டிமாரும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து ஜைவ் ஆடுவதையும் கண்டிருப்பீர்கள். குடும்பம் முழுதும் கூடியிருக்க ஆடும் ஆட்டம் அது. எனவே, தகுமா என்ற வினாவுக்கு, தகும் என்பதே நம் விடை.

இனி இரண்டாவது வினா. போட்டி எவ்வாறு நடைபெறும்?

வால்ட்ஸ் மூன்றெண்ணிக்கைத் தாளம். நம்மவர் திஸ்ர நடை என்று சொல்வதற்கு இணையானது. போட்டிகளில் நிமிடத்துக்கு 28 முதல் 30 ஆவர்த்தம் வரை இசைப்பார்கள். ஜைவ் நான்கெண்ணிக்கை, நிமிடத்துக்கு 42 முதல் 44 ஆவர்த்தம். ஒவ்வொரு பாட்டும் ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் முதல் இரண்டு நிமிடம் வரை ஒலிக்கும். எந்தப் பாட்டு வருமென்பது ஆடுவோருக்கு முன்கூட்டித் தெரியாது. ஆகவே வீட்டில் ஒரே பாட்டுக்குப் பழகியவர்கள் அங்கே திணறுவார்கள். அதே வேகத்தில் அமைந்த ஐந்தாறு பாட்டுகளை மாற்றி மாற்றி வைத்துப் பழகுவதே நலம்.

ஆடவரின் முதுகில் ஓர் எண்ணைக் குத்திவிடுவார்கள். தளத்தில் ஒரே சமயத்தில் பல இணைகள் ஆடும். நடுவர்கள் ஓரங்களில் நின்று பார்த்து, அடுத்த சுற்றுக்கு வரவேண்டிய இணைகளின் எண்களைக் குறித்துக்கொள்வார்கள். தொடக்கச் சுற்றுகளில் முதல்வர், இரண்டாமவர் என்ற வரிசை கிடையாது. வரலாம், வரவேண்டா என்ற இரண்டே முடிவுகள்தாம். இறுதிச் சுற்றுக்குப் பொதுவாக ஆறு இணைகள் எஞ்சும். அங்கேதான் ஒவ்வொரு நடுவரும் ஒன்று முதல் ஆறு வரை வரிசைப்படுத்துவார்.

இவ்வரிசைகளைக் கூட்டிப் பார்த்து முடிவு செய்வார்கள் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அப்படியன்று, பெரும்பான்மையே கணக்கு. ஐந்து நடுவர்கள் ஓர் இணைக்கு 1, 1, 1, 4, 5 என்று இடமளித்தார்கள் என்க. மற்றோர் இணைக்கு 2, 2, 2, 1, 1 என்று அளித்தார்கள் என்க. கூட்டினால் முன்னதற்கு 12, பின்னதற்கு 8; குறைந்த தொகையே சிறப்பென்றால் பின்னதே வெல்ல வேண்டும். ஆயினும் ஐவரில் மூவர் முதலிடம் அளித்தமையால் முன்னதே வெற்றி பெறும். இம்முறையை அறியாதவர்கள் மதிப்பெண் தாளைப் பார்த்துவிட்டு, அநீதி இழைக்கப்பட்டதென்று வீணே மனம் புழுங்குவார்கள். சிறிய போட்டிகளில் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இடும் வழக்கமும் உண்டு. எம்முறை என்பதைப் பெயர் கொடுக்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நடுவர்கள் முதலில் நோக்குவது தாளத்தையே. தாளம் தப்பிய இணை எத்துணை அழகிய அடவு ஆடினும் பின்னே தள்ளப்படும். அதன் பின்னரே நிமிர்ந்த நிலை, கைப்பிடிப்பு, பாதம் வைக்கும் முறை, இருவருக்கிடையேயுள்ள இசைவு ஆகியவற்றைக் காண்பார்கள். ஆதலால் முதன்முறை செல்வோர் நாலைந்து எளிய அடவுகளோடு நிறுத்திக்கொள்வது அறிவுடைமை. முந்திய வாரம் கற்ற அடவை அன்றைக்கு ஆடிக் காட்ட முனைவது, திருத்தம் பாராத அச்சுப்படியை வாசகர் கையில் கொடுப்பதைப் போன்றது.

வால்ட்ஸ் ஆடுவோர் தளத்தைச் சுற்றிக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் செல்ல வேண்டும். ஜைவ் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே ஆடப்படுவது. இங்கேதான் இவ்வாட்டத்தின் உட்பொருள் அடங்கியிருக்கிறதென்று நாம் கருதுகிறோம். வால்ட்ஸில் நடத்துபவர் முன்னோக்கி அடிவைக்கும்போது, தொடர்பவர் பின்னோக்கி அடிவைக்கிறார். பின்னால் இருப்பது சுவரா, மற்றோர் இணையா என்பது அவருக்குத் தெரியாது. எதிரே நிற்பவரின் கண்களை நம்பியே அவர் பாதம் பின்னே செல்கிறது. சுழலும்போது இந்நிலை மாறும். அப்போது நடத்துபவரின் முதுகுப்புறத்தில் வரும் இணையைத் தொடர்பவரே காண்கிறார். கையைச் சற்றே அழுத்தி எச்சரிக்கிறார். கணத்துக்குக் கணம் ஒருவர் மற்றவருக்குக் கண்ணாகிறார். எத்தனையோ ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் இப்பாடத்தைக் கல்லாத தம்பதிகள் உலகில் உண்டல்லவா?

ஆகவே பயிற்சிக் காலத்தில் காக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. அடி தவறினால், “உன்னால்தான்” என்ற சொல் இருவர் வாயிலும் வரலாகாது. ‘மீண்டும் முதலிலிருந்து’ என்பது போதும். போட்டி நாளன்றோ திருத்தமே கூடாது. தளத்தில் அடி பிசகினால் நின்று விழிக்க வேண்டா; அடுத்த ஆவர்த்தத்தின் முதல் எண்ணிக்கையில் மீண்டும் சேர்ந்துகொள்ளலாம். பிறர்மீது இடித்துவிட்டால் தலையசைத்து வருத்தம் தெரிவித்து மேலே செல்லலாம். மனைவியைத் தளத்திலேயே கடிந்துகொள்ளும் கணவர்களையும், கணவரை முறைத்துப் பார்க்கும் மனைவியரையும் பார்வையாளர் அனைவரும் காண்கிறார்கள், நடுவர்களும் காண்கிறார்கள்.

குடும்பத்தார் எண்ணிப் பார்க்க வேண்டியவையும் சில உண்டு. மகன் பயிற்சிக்குச் செல்வது பொழுதுபோக்கு, மருமகள் செல்வது அடங்காமை என்று இரண்டு தராசு வைத்தல் அறமாகாது. அவளும் அலுவலகம் சென்று திரும்புகிறாள், அடுப்பையும் பார்க்கிறாள். வாரத்தில் இரண்டு மாலைகள் குழந்தையைப் பாட்டியோ தாத்தாவோ பார்த்துக்கொள்வார்களானால், அதுவே அவர்கள் அளிக்கும் முதற்பரிசு. அன்றி, மணமாகாத பெண்கள் வேறோர் இணையுடன் ஆடுவதும் உண்டு. அண்ணனும் தங்கையும் இணையாக ஆடுவதும் உண்டு. எவ்வாறாயினும், பிடிப்பில் கை எங்கே இருக்க வேண்டுமென்பதற்கு இக்கலையில் வரையறை இருக்கிறது. ஆசிரியரோ இணையோ அதை மீறினால், அப்பெண் ஆட்டத்தை நிறுத்திவிட்டு விலகலாம். அவள் வீட்டில் வந்து சொன்னால், “நான் அப்போதே சொல்லவில்லையா?” என்று தொடங்காமல், அவள் சொல்வதை முழுதும் செவிமடுங்கள். அந்த ஒரு மறுமொழிக்கு அஞ்சியே எத்தனையோ பெண்கள் வாய்மூடி இருக்கிறார்கள்.

உடையைப் பற்றியும் ஒரு சொல். புடவை கட்டி வால்ட்ஸ் ஆட முடியாதென்பதில்லை. ஆனால் பின்னோக்கி அடிவைக்கும்போது கொசுவம் காலடியில் சிக்கும். கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி கட்டி, ஊசியால் நன்கு குத்திக்கொள்ள வேண்டும். அல்லது சுரிதார் அணியலாம். போட்டியில் உடைக்கென விதியுண்டா என்பதை முன்னரே கேளுங்கள். எதுவாயினும் அதே உடையிலும் அதே காலணியிலும் குறைந்தது ஐந்து முறையேனும் பழகியிருக்க வேண்டும். புதுக் காலணி மெருகிட்ட தளத்தில் வழுக்கும். இரப்பர் அடிப்பாகமோ தரையைப் பற்றிக்கொண்டு முழங்காலைத் திருகிவிடும். நடனக் காலணியின் அடியில் மெல்லிய தோல் வைத்திருப்பது இதற்காகவே. இதற்கெல்லாம் கடன் வாங்க வேண்டா. புதியவர்கள் பிரிவில் பரிசுத்தொகையை நம்பிச் செலவு செய்வது பேதைமை.

பயில இடமெங்கே என்று கேட்பீர்கள். ஓரறை வீட்டில் கட்டிலைச் சுவரோரம் நகர்த்தினால், ஆறு எண்ணிக்கையில் சதுரமாக அடிவைக்கும் தொடக்கப் பயிற்சிக்கு இடம் கிடைத்துவிடும். சுழன்று செல்லும் பகுதிகளுக்கு மொட்டைமாடி உண்டு. கீழ்த்தளத்தார் உறங்கும் வேளையில் மட்டும் ஜைவ் வேண்டா!

நம் துறையைச் சார்ந்த ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். போட்டி ஞாயிற்றுக்கிழமை அமைந்தால், பாதைப் பராமரிப்புக்காக மின்வண்டிகள் நிறுத்தப்படும் மெகா பிளாக் நேரங்களை முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள். குறித்த நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகச் சென்று, தளத்தின் வழவழப்பைக் காலால் அறிந்துகொள்வது நல்லது. வயிறு நிறைய உண்டு செல்ல வேண்டா. இரண்டு மணி நேரத்துக்கு முன் இரண்டு இட்டிலி போதும். இறுதிச் சுற்று இரவு நெடுநேரம் நீளக்கூடும். கல்யாண் மார்க்கத்தின் கடைசி வண்டி எப்போது என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

முதற் சுற்றிலேயே எண் அழைக்கப்படாமற் போகலாம். முதன்முறை செல்வோரில் பெரும்பாலோருக்கு அதுவே வாய்க்கும். அப்போது உடனே புறப்பட்டுவிடாமல் இறுதிவரை அமர்ந்து, வென்றவர்களின் தோள்களையும் பாதங்களையும் கவனியுங்கள். மதிப்பெண் தாள் தருவார்களானால் கேட்டுப் பெறுங்கள். ஒன்றரை நிமிடம் பலர் பார்க்க நின்று, தாளம் தவறாமல், ஒருவரையொருவர் கைவிடாமல் ஆடி முடித்தவர்கள் பெற்றதை எவரும் எடுத்துக்கொள்ள இயலாது.

பெரியோர்களுக்கு நம் வேண்டுகோள் இதுவே. உங்கள் மனத்துக்கு இவ்வாட்டம் பிடிக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. ஆனால் உங்கள் பிள்ளைகள் அஞ்சி நிற்கும் அவ்வேளையில் பார்வையாளர் வரிசையில் தெரிந்த முகம் ஒன்று இருக்கட்டும். உங்களுக்கும் சேர்த்து நுழைவுச்சீட்டு வாங்கச் சொல்லுங்கள்.