கைவேலைப் பரீட்சையும் நெட்டுருப் பாடமும்

கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் வேலையில் சேர ஆசைப்படும் வாலிபர்கள் இன்று நமது ஊர்களில் ஏராளமாய் இருக்கின்றார்கள். அவர்களில் பலர் சி.சி.ஐ.இ. என்னும் பரீட்சையைப் பற்றிப் பேசும்பொழுது ஏதோ ஏற முடியாத மலையைப் பற்றிப் பேசுவது போலவே பேசுகின்றார்கள். "அது பிறவியிலேயே மூளையுள்ளவர்களுக்குத்தான்" என்கின்றார் ஒருவர். "அதற்கு அதிர்ஷ்டம் வேண்டும்" என்கின்றார் மற்றொருவர். "பணம் கொடுத்தால் கேள்விகளையே வாங்கிவிடலாம்" என்கின்றார் மூன்றாமவர். இம்மூன்றும் பொய் என்பதோடு, மூன்றாவது மோசடியுமாகும் என்பதே நமது அபிப்பிராயம்.

முதலாவது, இப்பரீட்சை இன்னதென்று பார்ப்போம். இதை சிஸ்கோ என்னும் அமெரிக்கக் கம்பெனி 1993ல் ஆரம்பித்தது. தேறினவர்களுக்கு வரிசை எண் கொடுப்பது வழக்கம். 1024 என்னும் எண்ணைப் பரீட்சைக் கூடத்திற்கே வைத்துவிட்டு, முதலில் தேறினவருக்கு 1025 என்று கொடுத்தார்கள். ஆரம்பத்தில் கைவேலைப் பரீட்சை இரண்டு நாள் நடந்தது. 2001ல் அது ஒரே நாளாக, 8 மணி நேரமாக ஆக்கப்பட்டது. முதலில் 2 மணி நேர எழுத்துப் பரீட்சையில் தேற வேண்டும். பிறகுதான் கைவேலை. 2020 முதல் அந்த 8 மணியில் 3 மணி நேரம் நெட்வொர்க்கை எப்படி அமைக்க வேண்டும் என்று யோசித்து முடிவு சொல்வதற்கும், 5 மணி நேரம் அதை அமைத்து, ஓட்டி, பழுது பார்ப்பதற்கும் பிரிக்கப்பட்டிருக்கின்றது. இதற்காக நமது வாலிபர்கள் பெங்களூருக்குப் போகின்றார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. மற்றப் பரீட்சைகளில் தெரியாததைத் தெரிந்தது போல நாலு பக்கம் எழுதி ஏமாற்றலாம். இங்கு அது நடவாது. இயந்திரத்தினிடம் வாய்ச்சாலகம் செல்லாது. சேதி போய்ச் சேர்ந்ததா, சேரவில்லையா என்பதுதான் கேள்வி. சேர்ந்தால் மார்க்கு உண்டு, சேராவிட்டால் இல்லை.

இவ்வளவு கடுமை எதற்கு என்று சிலர் கேட்கலாம். ரூட்டர் என்பது தபால் ஆபீசில் கடிதங்களை ஊர் ஊராகப் பிரித்து அனுப்புகின்றவரைப் போன்றது. அவர் ஒரு பையைத் தவறான வண்டியில் போட்டால் பத்துப்பேர் கடிதம் கெடும். ஆனால் பெரிய நெட்வொர்க்கில் ஒருவர் ஒரு வரியைத் தவறாய் அடித்தால் கோடிக்கணக்கானவர்களின் காரியம் கெட்டுவிடும். 2021 அக்டோபர் 4ந் தேதி பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ஆகிய மூன்றும் உலக முழுவதும் சுமார் ஆறு மணி நேரம் நின்றுபோயின. பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு உத்தரவு அக்கம்பெனியின் நெட்வொர்க் முழுவதையும் துண்டித்துவிட்டது. தவறான உத்தரவைத் தடுக்க வேண்டிய கருவியிலும் பழுது இருந்தது. கடைசியில் ஆட்கள் நேரே இயந்திரங்கள் இருக்குமிடத்திற்குப் போய்ச் சரி செய்ய வேண்டியதாயிற்று. 2022 ஜூலை 8ந் தேதி கனடா தேசத்தில் ரோஜர்ஸ் என்னும் கம்பெனியின் ரூட்டர்களில் இருந்த ஒரு வடிகட்டியை நீக்கியதன் பயனாய், வழித்தகவல்கள் வெள்ளமாய்ப் பாய்ந்து நடு ரூட்டர்களை மூழ்கடித்தன. ஒரு கோடிக்கு மேற்பட்ட வாடிக்கைக்காரர்கள் துண்டிக்கப்பட்டார்கள். ஆபத்துக்குக் கூப்பிடும் டெலிபோன்கூடப் பலருக்குக் கிடைக்கவில்லை. வீட்டில் தீப்பிடித்தவனுக்கு அந்த நேரத்தில் யாருடைய சர்ட்டிபிகேட் உதவும் என்று கேட்கின்றோம்.

இப்படிப்பட்ட வேலைக்குத்தான் நமது வாலிபர்களில் ஒரு பகுதியார் "டம்ப்" என்று விற்கப்படும் திருட்டுக் கேள்வி விடைகளை வாங்கி நெட்டுருப் போடுகின்றார்கள். பொருள் தெரியாமல் மந்திரம் ஜபிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கேள்விகளை வெளியிடுவதில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அதையே வாங்குவதும் விற்பதும் நாணயமா? கண்டுபிடிக்கப்பட்டால் பட்டம் பறிபோகும். கண்டுபிடிக்கப்படாவிட்டால் அதைவிட மோசம். ஏனெனில் தெரியாதவன் கையில் பெரிய நெட்வொர்க் ஒப்படைக்கப்பட்டுவிடும்.

நெட்டுருவினால் ஏன் பயனில்லை என்பதற்கு ஒரு உதாரணம் சொல்லுகின்றோம். ஓ.எஸ்.பி.எஃப். என்ற முறையில் இரண்டு ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று குறிப்பிட்ட நேரத்திற்கு ஒரு தரம் வணக்கம் சொல்லி உறவாக வேண்டும். சாதாரணமாய் 10 விநாடிக்கு ஒரு தரம். ஒன்றில் 10 என்றும் மற்றொன்றில் 30 என்றும் வைத்துவிட்டால் உறவே ஏற்படாது. இது ஒரு நோய். வணக்கம் சரியாய்ப் போய் வந்தும், ஒரே தடவையில் அனுப்பக்கூடிய பொட்டலத்தின் அளவு ஒன்றில் 1500 என்றும் மற்றொன்றில் 1400 என்றும் இருந்துவிட்டால், உறவு பாதியில் நின்றுவிடும். இது வேறொரு நோய். மேலே பார்ப்பவனுக்கு இரண்டும் "உறவில்லை" என்று ஒன்றுபோலவே தோன்றும். நெட்டுருக்காரன் முதல் நோயின் மருந்தையே இரண்டாவதற்கும் கொடுத்துவிட்டு, மருந்து வேலை செய்யவில்லையே என்று முழிப்பான். காரணம் அறிந்தவனோ, உறவு எந்தப் படியில் நின்றது என்று பார்த்து, அங்கு கை வைப்பான். பரீட்சை சோதிப்பது இந்த அறிவைத்தான்.

இந்த அறிவு பிறவியில் வருவதல்ல. செய்து செய்து வருவது. முன்பு இதற்கு விலையுயர்ந்த ரூட்டர்களை வாங்க வேண்டியிருந்தது. இப்போது ஜி.என்.எஸ்.3, ஈவ்-என்.ஜி. போன்ற சாதனங்களால் ஒரே கம்ப்யூட்டருக்குள் பல ரூட்டர்களை ஓட்டிப் பார்க்கலாம். எஃப்.ஆர்.ரூட்டிங் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு ஓ.எஸ்.பி.எஃப்., பி.ஜி.பி. ஆகிய முறைகளின் தத்துவத்தைக் காசு செலவில்லாமல் கற்கலாம். ஓ.எஸ்.பி.எஃப். முறையின் இரண்டாம் பதிப்பை விவரிக்கும் ஆர்.எஃப்.சி. 2328 என்னும் மூல ஆதாரம் 1998 முதல் யாரும் படிக்கும்படி பொதுவில் இருக்கின்றது. இதை ஒருவரும் பூட்டி வைக்கவில்லை. படிக்காதே என்று ஒருவரும் தடுக்கவில்லை.

ஆகவே வாலிபர்கள் செய்ய வேண்டியது என்ன? ஒரு அமைப்பைக் காகிதத்தில் படமாய்ப் போடுங்கள். பிறகு கையால் கட்டுங்கள். வேலை செய்த பின் ஒரு தோழரை விட்டு, உங்களுக்குத் தெரியாமல் மூன்று இடத்தில் கெடுக்கச் சொல்லுங்கள். எங்கே கெட்டது, ஏன் கெட்டது, எப்படிக் கண்டீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது 8 மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்து பழகுங்கள். பரீட்சையன்று கையை வைப்பதற்கு முன் கேள்வி முழுவதையும் படியுங்கள். அவசரப்பட்டு முதலில் செய்த வேலையைப் பின்னால் வரும் கேள்வி தலைகீழாக்கிவிடும். ஒவ்வொன்றையும் செய்தவுடன் சோதியுங்கள். சோதித்ததைச் சேமித்து வையுங்கள்.

நிற்க, முதல் தரத்தில் தேறாதவர்கள் அனேகர். 2020ல் ஒரு தரம் கைவேலைப் பரீட்சைக்கு உட்காரக் கட்டணம் 1600 டாலர். அது ஒரு சாதாரணக் குடும்பத்தின் பல மாத வரும்படி. தகப்பனார் கடன் வாங்கியோ, தாயார் நகையை அடகு வைத்தோ அனுப்பியிருக்கலாம். அப்படிப்பட்ட பணத்தோடு போனவர் தோற்றுத் திரும்பி "கிரகம் சரியில்லை" என்று சொன்னால், அவர் ஒரு நாளும் தேற மாட்டார். ஏனென்றால் கிரகத்தைத் திருத்த அவரால் ஆகாது. "பி.ஜி.பி. பகுதியில் ஒரு மணி நேரம் வீணாக்கினேன்; வழி வடிகட்டுதலை நான் சரியாய் விளங்கிக்கொள்ளவில்லை" என்று சொல்லுகின்றவரே அடுத்த தரம் தேறுவார். தோல்விக்குக் காரணத்தைத் தன்னிடத்தில் கண்டுபிடிப்பது அவமானமல்ல. அதுவே முன்னேற்றத்தின் ஆரம்பம். தேறுவோம் என்ற நம்பிக்கை தன் கைக்கு வருமுன் கடன் வாங்கிக்கொண்டு ஓடுவதுதான் அவமானம்.

கடைசியாக ஒன்று. இந்தப் பட்டமும் ஒரு வியாபாரக் கம்பெனி கொடுப்பதே. தன் சரக்கு விற்க வேண்டும் என்ற எண்ணம் அதற்கும் இல்லாமலில்லை. பட்டத்தின் ஆயுள் 3 வருஷம், புதுப்பிக்காவிட்டால் போய்விடும். ஆகவே அதை நெற்றியில் ஒட்டிக்கொண்டு, இல்லாதவர்களைத் தாழ்வாய் நினைக்க யாருக்கும் பாத்தியமில்லை. எந்தக் கம்பெனியின் இயந்திரமானாலும் உள்ளே ஓடும் தத்துவம் பொதுவானது. அந்தத் தத்துவத்தை அறிந்தவனுக்குப் பட்டம் போனாலும் பிழைப்புப் போகாது. அறியாதவனுக்குப் பட்டம் வந்தாலும், நெட்வொர்க் நின்றுபோகும் முதல் நாள் ராத்திரியிலேயே அவன் சாயம் வெளுத்துவிடும்.

எனவே, வாலிபர்களே, "தேறினாயா?" என்று ஊரார் கேட்பதற்கு முன், "எனக்குக் காரணம் தெரியுமா?" என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். தெரியும் என்று கை சொன்னால் பரீட்சைக்குப் போங்கள். வாய் மாத்திரம் சொன்னால் இன்னும் ஆறு மாதம் உட்கார்ந்து வேலை செய்யுங்கள்.