கயிறு பிடித்த கைகள்

மன்னார்க் கடலின் முத்துப் புகழ் நெடியது. அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய கரைகளிலே முத்துச் சலாபம் கூடிய காலங்களில், கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும், கடல் பல கடந்து அராபிய நாட்டிலிருந்தும் குளியாட்கள் வந்து குவிந்தனர். 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் மாத்திரம் 8 கோடிக்கும் அதிகமான சிப்பிகள் எடுக்கப்பட்டன. மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளித்தவருக்கு என்பது அன்றைய ஏற்பாடு. அடுத்த ஆண்டிலே முத்துப்பார்கள் இலண்டன் கம்பனி ஒன்றுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன, விளைவும் பொய்த்தது. கதை அதனோடு ஒருவாறு முடிந்தது.

முத்தைப் பற்றி எழுதியவர் பலர். குளியாளைப் பற்றி எழுதியவர் சிலர். தோணியின் விளிம்பில் நின்று கயிற்றைப் பிடித்திருந்தவனைப் பற்றி எழுதியவர் மிக அரியர். குளியாளைக் கல்லோடு கீழே இறக்குவதும், கயிற்றின் அசைவறிந்து அவனை மேலே இழுப்பதும் அவன் பணி. கணம் தவறினால் உயிர் தவறும். அதனாலன்றோ கயிற்றை மைத்துனன் கையிற் கொடுக்க வேண்டும் என்னும் வழக்கு முத்துக்குளிக்கும் ஊர்களிலே தோன்றிற்று! தன் உடன்பிறந்தாளின் தாலியைக் காக்கும் அக்கறை வேறு யாருக்கு உண்டு? எனினும், முத்து மன்னர் முடியில் ஏறிய பொழுது கயிறு பிடித்தவன் பெயரை யாரும் கேட்டாரில்லை.

இப்பழங்கதையை இன்று நாம் எடுத்துரைப்பதற்குக் காரணம், கடலோடு யாதொரு தொடர்புமில்லாத ஒரு விளையாட்டு வீரரின் வரலாறு. அவர் பெயர் இஷ் ஸ்மித். அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கத்தின் போட்டிகளில் 2010ஆம் ஆண்டு முதல் 2024ஆம் ஆண்டு வரை ஆடியவர். உதைபந்தாட்டத்தையே உயிரென மதிக்கும் மன்னார் இளைஞருக்கு இப்பெயர் புதிதாக இருக்கலாம். ஆயினும் கூடைப்பந்தாட்டம் அவர்களுக்கு முற்றிலும் அந்நியமன்று. 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரிலே ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், மாரிகாலத்தில் மாணாக்கர் மண்டபத்துக்குள்ளே ஆடுவதற்கென இதனை வகுத்தபொழுது, இரண்டு பழக்கூடைகளை 10 அடி உயரத்தில் அறைந்து, அவற்றுள் இடச் செய்தது ஓர் உதைபந்தையே!

இவ்வாட்டத்தில் அணிக்கு ஐவர். அவருள் ஒருவரைப் ‘பொயின்ட் கார்ட்’ என்பர். பெரும்பாலும் அணியில் உயரம் குறைந்தவர் அவரே. பந்தை எதிரணியின் பாதிக்குக் கொண்டு செல்வதும், யார் எங்கே நிற்கிறார், யார் எப்பொழுது ஓடுவார் என்பதைக் கண்ணிமைப்பில் அறிந்து உரியவர் கையிற் பந்தைச் சேர்ப்பதும் அவர் கடன். அமெரிக்கச் சங்கத்தின் விதிப்படி 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். அவற்றுள் முதல் 8 விநாடிக்குள் நடுக்கோட்டைக் கடந்தாக வேண்டும். இத்துணைக் குறுகிய நேரத்தில் மற்ற நால்வரின் திறமைக்கும் வழி திறந்து விடுபவர் அவர். சுருங்கக் கூறின், கயிறு பிடிப்பவர் அவரே.

இஷ் ஸ்மித் 1988ஆம் ஆண்டு வட கரோலினா மாநிலத்தின் சார்லட் நகரிற் பிறந்தவர். உயரம் 6 அடி. மக்களிடையே அது நல்ல உயரம், அவ்வரங்கிலோ குள்ளம். பல்கலைக்கழக ஆட்டத்தை முடித்து வெளியேறிய 2010ஆம் ஆண்டிலே, அணிகள் யாவும் கூடிப் புதிய வீரர் 60 பேரைப் பெயர் கூறித் தெரிந்தெடுத்தன. அந்த 60 பெயர்களில் அவர் பெயர் இல்லை. பின்னர் ஹூஸ்டன் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. அந்தப் பருவம் முடியுமுன்னரே மெம்பிஸ் அணிக்கு மாற்றிவிட்டது. அன்று தொடங்கிய பயணம் ஓர்லாண்டோ, மில்வோக்கி, பீனிக்ஸ், பிலடெல்பியா, நியூ ஓர்லியன்ஸ், டிட்ரொயிட், வாஷிங்டன் என நீண்டது. சில ஊர்களுக்கு இருமுறையும் சென்றார். டிட்ரொயிட்டிலே தொடர்ந்து மூன்று பருவங்கள் ஆடியதே அவர் ஓரிடத்தில் நிலைத்திருந்த நெடுங்காலம். 2022ஆம் ஆண்டில் டென்வர் அணிக்கு மாற்றப்பட்டபோது, அது அவருக்கு 13ஆவது அணி. அச்சங்கத்தின் வரலாற்றில் அதற்குமுன் எவரும் 12 அணிகளுக்கு மேல் ஆடியதில்லை.

இதனை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? ‘பன்னிரண்டு அணிகள் வேண்டாமென்று விட்டுவிட்ட ஒருவர்’ என்று கூறுவாரும் உளர். ‘பதின்மூன்று அணிகள் வேண்டுமென்று அழைத்த ஒருவர்’ என்று கூறுவதும் அதேயளவு உண்மையன்றோ? 2015-16ஆம் ஆண்டுப் பருவத்தில் பிலடெல்பியா அணி முதல் 31 ஆட்டங்களில் ஒன்றில் மாத்திரமே வென்று துவண்டு கிடந்தது. அவ்வேளையில், முன்னொரு முறை தன்னிடம் ஆடிச்சென்ற ஸ்மித்தை அது மீண்டும் அழைத்தது. திறமையுள்ள இளைஞர் அங்கு இல்லாமலில்லை. அவர் கையில் உரிய நேரத்திற் பந்தைச் சேர்ப்பார் இல்லை. அப்பருவத்தின் 82 ஆட்டங்களில் மொத்தம் 10 வெற்றிகளே அவ்வணிக்குக் கிட்டின. அற்புதம் எதுவும் நிகழவில்லை. ஆயினும் தளர்ந்த வேளையில் தேடப்படும் மனிதராக இருப்பது சிறிய புகழா?

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் டென்வர் அணி மயாமி அணியை வென்று, தன் வரலாற்றிலே முதன்முறையாக அச்சங்கத்தின் வெற்றிக் கிண்ணத்தைப் பெற்றது. அவ்வெற்றியின் நாயகன் நிக்கொலா யோக்கிச். ஸ்மித் பெரும்பாலும் வாங்கிலே அமர்ந்திருந்தவர். எனினும் அவரும் அவ்வணியினர், அவ்வெற்றியும் அவருடையதே. அதன்பின் பிறந்த ஊரான சார்லட்டின் அணியிலே மீண்டும் ஆடினார்.

பொயின்ட் கார்டுகள் எல்லோரும் ஊர் ஊராக அலைந்தவரல்லர். ஜோன் ஸ்டொக்டன் 19 பருவங்களும் யூட்டா அணி ஒன்றுக்கே ஆடி, பிறர் எறிவதற்கெனத் தாம் வழங்கிய பந்துகளால் 15,806 என்னும் கணக்கை நிலைநாட்டினார். நம் நெஞ்சைக் கவரும் செய்தி, இக்கணக்கு ஒன்று இருக்கிறது என்பதே. பந்தைக் கூடையில் இட்டவனுக்கு ஒரு கணக்கு. இடுவதற்கு வழிசெய்து கொடுத்தவனுக்கு ‘அசிஸ்ட்’ என மற்றொரு கணக்கு. அவ்வாட்டம் கயிறு பிடித்தவனுக்கும் ஏட்டிலே இடம் ஒதுக்கியிருக்கிறது.

நம்மிடையே அந்த ஏடு எங்கே? யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம், 2019ஆம் ஆண்டு லிவர்பூலில் நடந்த வலைப்பந்தாட்ட உலகக் கிண்ணப் போட்டியில் 348 கோல்களை இட்டு, அப்போட்டியில் அதிக கோல் இட்டவர் என்னும் பெருமையைப் பெற்றார். தமிழுலகம் பூரித்தது, பூரிக்கத்தான் வேண்டும். வலைப்பந்தாட்டத்தில் அணிக்கு எழுவர்; அவருள் இருவருக்கே கோல் இடும் உரிமை உண்டு. ஏனைய ஐவரும் எத்துணைத் திறம்பட ஆடினும் ஒரு கோலேனும் இடல் இயலாது. அந்த 348 பந்துகளும் வானத்திலிருந்து வீழ்ந்தனவல்ல. யாரோ ஒரு தோழி உரிய உயரத்தில், உரிய கணத்தில் வழங்கியவை. அத்தோழியருள் ஒருவரின் பெயரேனும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஊர் ஊராகச் சென்று தன் கலையால் வாழ்ந்தவரை இழிவாக எண்ணுவது தமிழ் மரபன்று. சங்ககாலத்துப் பாணரும் பொருநரும் கூத்தரும் நிலையான மனையற்றவர். யாழையும் முழவையும் சுமந்து புரவலரைத் தேடிச் சென்றவர். அவர்களை நடுநாயகமாக வைத்தே ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகை எழுந்தது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படைகள் என்பதை மாணாக்கர் அறிவர். அதன் பொருள் யாது? பரிசில் பெற்று மீளும் ஒருவன், எதிர்ப்படும் மற்றொருவனுக்கு வழி கூறுகிறான். தனக்குக் கிடைத்ததை மறைக்காமல், பிறனும் பெறுமாறு ஆற்றுப்படுத்துகிறான். பந்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளாமல் அடுத்தவன் கையிற் சேர்க்கும் பண்புக்கு இதனினும் சிறந்த இலக்கணம் வேறு இல்லை.

அலைவு இனிது என்று நாம் பாடவரவில்லை. வீரனின் சம்மதத்தைப் பெரும்பாலும் கேளாமலே அணிகள் அவனைப் பண்டமாற்றுச் செய்யும் முறை கொடியது. அமெரிக்காவிலே அந்த அலைவுக்குக் கைநிறைய ஊதியமேனும் உண்டு. நம் நாட்டிலோ கூடைப்பந்தாட்டம் ஒரு குடும்பத்தைக் காக்கும் தொழிலாக வேரூன்றவில்லை. பருவக்காற்றோடு வாடி மாறும் மீனவனும், போரினால் ஊர்விட்டு ஊர் துரத்தப்பட்ட குடும்பமும் வாழும் மன்னாரிலே, அலைவின் துயரை யாரும் எடுத்துக்கூற வேண்டியதில்லை. நாம் கேட்பது வேறு. அலைய நேர்ந்தவனின் வாழ்வையும் வாழ்வென மதிக்கும் அளவுகோல் நம்மிடம் இருக்கிறதா?

இக்கேள்வி மிகக் கூர்மையாக எழும் இடம் பாடசாலையே. பேசாலையிலும் வங்காலையிலும் தலைமன்னாரிலும் எருக்கலம்பிட்டியிலும் மாலை வேளைகளில் பந்துக்குப் பின்னால் ஓடும் சிறுவர் பலர். அவருள் நாட்டின் அணியில் இடம்பெறுவோர் ஓரிருவராகவே இருப்பர். ஏனையோருக்கு நாம் என்ன கூறுகிறோம்? ‘உனக்கு இது வாய்க்காது, விட்டுவிடு’ என்பதே பெரும்பாலும் அவர்கள் கேட்கும் சொல். முதல்வனாக வராதவன் வீணன் என்னும் பாடத்தை மைதானத்திலே கற்றுக்கொண்ட பிள்ளை, அதை வகுப்பறைக்கும் பின்னர் வாழ்க்கைக்கும் கொண்டு செல்கிறான். பரீட்சையில் முதலிடம் பெறாதபோது புத்தகத்தை மூடுகிறான். முதல் வேலை போனபோது மனத்தை மூடுகிறான். அறுபது பெயர்களில் தன் பெயரில்லை என்று கேட்ட பின்னும் பந்தை எடுத்துக்கொண்டு நடந்த ஒருவரின் வரலாறு அவனுக்குத் தேவைப்படுகிறது.

ஆசிரியர்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் எளியது. பாடசாலைப் போட்டிகளில் கோல் இட்டவன் பெயரோடு, அதற்கு வழிசெய்தவன் பெயரையும் குறித்து வையுங்கள். ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். பரிசளிப்பு விழாவில், பிறரை ஆட வைத்த ஒருவனுக்கும் ஒரு பரிசு கொடுங்கள். அணியில் இடம்பெறாதவனுக்கு மத்தியஸ்தம் பழக்குங்கள்; சிறுவரைப் பயிற்றும் பொறுப்பைக் கொடுங்கள். ஆட்டத்தை நேசிப்பவனுக்கு ஆட்டத்துக்குள்ளே ஓரிடம் எக்காலத்தும் உண்டு என்பதை அவன் உணரட்டும்.

எழுத்தாளருக்கும் ஒரு பங்கு உண்டு. நம் வாழ்க்கை வரலாற்று நூல்கள் தலைவரையும் புலவரையும் சுற்றியே அமைகின்றன. மன்னார்க் கூத்துக்களிலே அரசன் வேடமிட்டவன் நினைவில் நிற்கிறான். அவன் தொண்டை அடைத்தபோது அடியை எடுத்துக் கொடுத்த பிற்பாட்டுக்காரன் மறைந்துபோகிறான். அப்பிற்பாட்டுக்காரரையும், மைதானத்துப் பயிற்றுநரையும், ஐந்து பாடசாலைக்கு மாற்றப்பட்டு ஐந்திலும் ஓர் அணியை வளர்த்த ஆசிரியரையும் பற்றி எழுதுவோர் முன்வர வேண்டும்.

முத்துக்கள் எங்கெங்கோ போய்விட்டன. அவற்றை எடுத்தவர் மூச்சைக் காத்த கைகள் இந்தக் கரையைச் சார்ந்தவை. அக்கைகளின் வழிவந்த பிள்ளைகளுக்கு, கயிறு பிடிப்பதும் ஒரு வீரமே என்று சொல்லிக் கொடுப்பது நம் கடன்.