'கணக்கு வராது'ன்னு யார் சொன்னது?

செமஸ்டர் லீவுக்கு உத்திரமேரூர் பக்கம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். இன்ஜினீயரிங் படிக்கிற அண்ணன் வந்திருக்கானேன்னு, டென்த் படிக்கிற தங்கச்சியை என்கிட்ட ஒப்படைச்சுட்டாங்க. 'கூட்டல், பெருக்கல்னு கொடுத்தா போட்டுடுவா. கதை மாதிரி கணக்கு வந்தா அப்படியே விட்டுட்டு வந்துடுவா' - இது சித்தியின் குற்றப்பத்திரிகை. அவளோ, 'எனக்குக் கணக்கு வராதுண்ணா. ப்ளஸ் ஒன்ல கணக்கு இல்லாத குரூப்தான்'னு முடிவே பண்ணியிருந்தா.

சரின்னு ஒண்ணு கொடுத்தேன். 'சின்ன மோட்டார் ஒரு வயலுக்கு 6 மணி நேரத்தில் தண்ணீர் பாய்ச்சும். பெரிய மோட்டார் அதே வயலுக்கு 3 மணி நேரத்தில் பாய்ச்சும். இரண்டும் சேர்ந்து ஓடினால்?' மேடம் 6-ஐயும் 3-ஐயும் கூட்டி, பாதியாக்கி, 'நாலரை மணி நேரம்' என்றாள்.

நான் ஸ்டைலா பேனாவை எடுத்து 1/6 + 1/3 = 1/2, விடை 2 மணி நேரம்னு போட்டுக் காட்டினேன். தலையாட்டினா. புரிஞ்ச தலையாட்டல் இல்ல பாஸ், 'ஆளை விடு' தலையாட்டல். 'அது ஏன்ணா 1/6?'னு கேட்டா பாருங்க... எனக்கு டக்குனு பதில் வரலை! நானும் மாடல் கணக்கை மனப்பாடம் பண்ணி பாஸானவன்தானே.

பேனாவைக் கீழே வெச்சேன். 'கணக்கை விடு. பெரிய மோட்டார் மட்டும் ஓடினா எவ்வளவு நேரம்?' 'மூணு.' 'கூடவே சின்னதையும் போட்டா?' 'இன்னும் சீக்கிரம் முடியும்... ஐயய்யோ, அப்ப நாலரை எப்படி வரும்? த்ரீ ஃபேஸ் கரண்ட் போறதுக்குள்ள முடிக்கணும்னுதானே அப்பா ரெண்டையும் போடுவாரு!'

இதைத் தெரிஞ்சவளுக்கா கணக்கு வராது? அன்னிக்கு நாங்க பிடிச்ச ரூட் இதுதான்.

ஸ்டெப் 1: ரெண்டு தடவை படிங்க. என்ன கேட்டிருக்காங்கன்னு மட்டும் அடிக்கோடு போடுங்க.

ஸ்டெப் 2: தேவையான எண்ணை மட்டும் எடுங்க. இதுக்கு எங்க ஊர் கல்வெட்டே உதாரணம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்தில், 921-ல் வெட்டின குடவோலைத் தேர்தல் விதிகள் இருக்கு. வயசு 35-லிருந்து 70-க்குள், கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், 30 குடும்புக்கும் ஆளுக்கு ஒருத்தர்னு 30 பேர். அதில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், மீதிப் பேர் ஏரி வாரியம். ஏரிக்கு எத்தனை பேர்? 30-லிருந்து 12, இன்னொரு 12 போக, 6 பேர். வயசும் நிலமும் இந்தக் கேள்விக்கு வேண்டாம். எண் கண்ணில் பட்டதுமே கூட்டக் கூடாது, அவ்ளோதான் மேட்டர்!

ஸ்டெப் 3: விடை எதைவிட அதிகம், எதைவிடக் குறைவுன்னு முன்னாடியே சொல்லிடுங்க. மோட்டார் கணக்கில், 3-க்குக் கீழே.

ஸ்டெப் 4: இப்பதான் பேனா. வயலை 6 பங்கா பிரிங்க. சின்ன மோட்டார் ஒரு மணிக்கு 1 பங்கு (அந்த 1/6 இதுதான்!). பெரியது 2 பங்கு. சேர்ந்தா 3 பங்கு. 6 பங்குக்கு 2 மணி நேரம்.

ஸ்டெப் 5: விடையை வயலுக்கே கொண்டுபோய் நிறுத்துங்க. 2 மணி நேரத்தில் சின்னது 2 பங்கு, பெரியது 4 பங்கு. மொத்தம் 6. டேலி!

கிளம்புற அன்னிக்கு அவளே நாலு கணக்கு போட்டிருந்தா. ஒண்ணு தப்பு. ஆனா எங்கே தப்புன்னு அவளே கண்டுபிடிச்சுட்டா. குரூப் விஷயம்? 'ரிசல்ட் வரட்டும்ணா, பார்க்கலாம்'கிறா. எனக்கு அதுவே போதும்.

உங்களுக்கும் ஒண்ணு: ஒரு குழாய் தொட்டியை 2 மணி நேரத்தில் நிரப்பும். அடியில் இருக்கிற ஓட்டை, நிரம்பின தொட்டியை 6 மணி நேரத்தில் காலி பண்ணும். ஓட்டையோடவே குழாயைத் திறந்தா எவ்வளவு நேரத்தில் நிரம்பும்? பேனாவை எடுக்காதீங்க. 2-ஐவிட அதிகமா, குறைவா... முதல்ல அதைச் சொல்லுங்க!